சுமாயால கடல் வத்துற வரைக்கும் காத்திருந்த கதை

மொதல்ல அந்த டாக்ஸியைப் பத்தி சொல்லிடறேன், இல்லன்னா மனசு ஆறாது. ஸ்பெயின்ல பாஸ்க் பக்கம், சான் செபாஸ்டியன்ல ட்ரெய்ன் ஏறி சுமாயால எறங்குனா நல்ல மழை, குடை ரூம்ல. வாசல்ல நின்ன டாக்ஸில ஏறி இட்சுருன் பீச்னு சொன்னேன், அஞ்சு நிமிஷம் கூட ஆகல, 16 யூரோ! மீட்டர் எங்கனு கேட்டா அதுவரைக்கும் நல்லா பேசிட்டு வந்தவருக்கு திடீர்னு இங்கிலீஷ் மறந்துபோச்சு. சாயந்தரம் அதே தூரத்தை பொடிநடையா நடந்தே வந்துட்டேன், அதான் இன்னும் வயித்தெரிச்சல்.

சரி, கோடு கோடா அடுக்கிருக்கற பாறையைப் பாக்கணும்னு பீச்சுக்கு வந்தா பாறையைக் காணோம், வெறும் தண்ணி. பிஸ்கே விரிகுடால கடல் மட்டம் சில நாள் நாலு மீட்டருக்கு மேல ஏறி எறங்கும், நான் மெரினா நெனப்புல டைட் டேபிள், அதாவது கடல் ஏறி எறங்குற நேரப் பட்டியல், பாக்காம வந்துட்டேன். தண்ணி வடிய அஞ்சு மணி நேரமாம். பட்ஜெட் ட்ரிப்ல அஞ்சு மணி நேரம்னா பார்ல உக்காந்து செலவுதான். ஆனா அந்த டோர்ட்டியா இருக்கே, முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட கனத்த அடை மாதிரி, உள்ள இன்னும் லேசா வழியுற பதத்துல, ஒரு துண்டு 4 யூரோ. ரெண்டு துண்டு சாப்பிட்டேன், மூணாவது துண்டு வேணாம்னு பர்ஸ் சொல்லுச்சு.

மழை விட்டதும் சான் டெல்மோ கோயில் மேட்டுல ஏறி நின்னா, கீழ தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விலக விலக பாறை வெளிய வருது பாருங்க, புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பா கோடு, கடலுக்குள்ள நீளமா ஓடுது, வந்த எரிச்சலெல்லாம் அப்படியே போச்சு.

எறங்கிப் போய் கை வச்சுப் பாத்தேன். ஒரு பட்டை வெளிர் சுண்ணாம்புக்கல், தட்டுனா கணீர்னு இருக்கு. பக்கத்துப் பட்டை மார்ல்னு சேறு கலந்த சுண்ணாம்பு, நகத்தால சுரண்டுனாலே பொடியா உதிருது. மெத்துனு இருக்கறத அலை அரிச்சுட்டுப் போயிடும், கெட்டியானது விலா எலும்பு மாதிரி துருத்திட்டு நிக்கும், அதான் கோடு. இதெல்லாம் ஒரு காலத்துல ஆழ்கடல் தரை. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிங்களோட ஓடு மழை மாதிரி விழுந்து விழுந்து சுண்ணாம்பாச்சு, ஆத்துச் சேறு அதிகமா வந்த காலத்துல மார்ல் ஆச்சு. ஏன் மாறி மாறி வருதுன்னா, பூமியோட அச்சு பம்பரம் மாதிரி தலையாட்டுது இல்ல, அதோட சேர்ந்து வெயிலும் மழையும் மாறுற ஒரு சுத்து சுமார் 20,000 வருஷம். ஒரு ஜோடிப் பட்டை ஒரு சுத்து. நான் ஒரு எட்டு வச்சா அரை லட்சம் வருஷம் தாண்டிடறேன்! அப்புறம் ஐபீரியா, அதாவது ஸ்பெயின் இருக்கற நிலத்துண்டு, மத்த ஐரோப்பாவோட முட்டி பிரனீஸ் மலை எழும்புனப்ப படுத்திருந்த அடுக்கெல்லாம் நிமிந்துடுச்சு.

டைனோசர் காலம் முடிஞ்ச 6.6 கோடி வருஷத்துக் கோடும் இங்க இருக்கு. உண்மையச் சொல்லணும்னா பாக்க சப்புனு இருக்கும், ஒரு சாண் கூட இல்லாத கருப்புக் களிமண், யாராவது காட்டலன்னா தாண்டிப் போயிடுவீங்க. ஆனா விண்கல் கொண்டாந்த இரிடியம்ங்கற அபூர்வ உலோகம் அதுல இருக்கு, கீழ் அடுக்குல இருந்த மிதவை உயிரிங்கள்ல பெரும்பகுதி மேல கெடையாது. நம்ம அரியலூர்லயும் இதே காலத்துக் கடல் பாறைதான், நாம அத சிமென்டாக்கி வீடு கட்டிட்டோம்.

எனக்கு அதைவிடப் புடிச்சது, பூமியோட வரலாத்துல செலாண்டியன், தானேஷியன்னு ரெண்டு காலகட்டம் தொடங்குற எடத்துக்கு உலகத்துக்கே அடையாளம் இந்தப் பீச்தான்னு 2008ல முடிவு பண்ணிருக்காங்க. ஒண்ணு சுமார் 6.16 கோடி வருஷத்துக்கு முன்னாடி, இன்னொன்னு சுமார் 5.92 கோடி. ஒரே பீச்ல ரெண்டு!

எப்படிப் போறது, எவ்வளவு ஆகும்னு வரிசையா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், விட்டுப்போச்சு. கடல் வத்துறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போயிடுங்க, வழுக்காத ஷூ போடுங்க, தண்ணி திரும்பும்போது ஓரத்துல மாட்டிக்காதீங்க, நான் முட்டி வரைக்கும் நனைஞ்சுதான் வெளிய வந்தேன். கல்லை உடைச்சு எடுக்கக் கூடாது, இது ஜியோபார்க், பாறைக்காகவே பாதுகாக்கற எடம். ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போங்க, அந்த 16 யூரோவுல நாலு டோர்ட்டியா வரும்.