வடிகால் பணியின் அளவீட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதற்குள்

தென்மாவட்டத்துச் சிறு நகராட்சி ஒன்றில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் கட்டிய மழைநீர் வடிகாலின் கணக்கைப் பார்க்க நான் அலைந்த அலைச்சல் ஒருவழியாக முடிந்துவிட்டது. ஆனால் அந்த அலுவலகத்தில் கேட்ட பேச்சுகள் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு எந்த இடத்தில் கதவு அடைபடும், எதைச் சொன்னால் திறக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஐப்பசியில் பெய்த முதல் பெருமழைக்கே, புதிதாகக் கட்டிய வடிகாலில் தண்ணீர் கிழக்கே ஓடாமல் பாதி வழியில் தேங்கி, மேற்கில் உள்ள வீடுகளின் வாசற்படி வரை ஏறிவிட்டது. பணி ஆணை எண்ணை வார்டு உறுப்பினரிடமும், ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) அறிவிப்பை அரசின் இணையதளத்திலும் பெறுவதில் எனக்குச் சிரமம் எதுவும் ஏற்படவில்லை. ஆனால் அந்த இரண்டும் என்ன கட்டுவதாக இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். என்ன கட்டியதாகப் பணம் கேட்கப்பட்டது என்பதைச் சொல்லும் ஆவணம் அளவீட்டுப் புத்தகம். பொறியியல் பிரிவில் எல்லாரும் எம்.புக் என்றே சொல்கிறார்கள். ஓவர்சியரோ இளநிலைப் பொறியாளரோ களத்தில் எடுத்த நீளம், அகலம், ஆழம் எல்லாம் அதில்தான் பதிவாக வேண்டும். மேலுள்ள பொறியாளர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பட்டியல் தொகை, அதாவது ஒப்பந்தக்காரர் பில் போட்டுக் கேட்கும் பணம், அனுமதிக்கப்படும். ஆகவே மதிப்பீடு, பணி ஆணை இவற்றோடு நின்றுவிடும் மனுவால் பெரிய பயன் எதுவும் விளையாது.

மனுவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் எழுதி, 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, நேரிலேயே கொண்டுபோனேன். தபால் பிரிவில் இருந்த எழுத்தர் மனுவை மேலோட்டமாகப் படித்துவிட்டு, "எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்? நீங்க காண்ட்ராக்ட் எடுக்கீங்களா?" என்று கேட்டார். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது என்றேன். அப்படியானால் மேலாளர் வந்த பிறகுதான் வாங்க முடியும் என்றார். மேலாளர் மதியம் வந்தார்; பொறியியல் பிரிவில் கொடுங்கள் என்றார். பொறியியல் பிரிவிலோ, தபாலில் பதிவாகாத மனுவை நாங்கள் தொட மாட்டோம் என்றார்கள். அன்றைய பொழுது அத்தோடு கழிந்தது. அதே மனுவை மறுநாள் ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் அனுப்பினேன். அலுவலக முத்திரையோடு திரும்பி வந்த அந்த அட்டைதான் பிறகு என்னைக் காப்பாற்றியது. பக்கத்துத் தெருவிலேயே அலுவலகம் இருந்தாலும் நேரில் கொடுக்கப் போகாதீர்கள்; அல்லது, போனால் நகலில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மனுவின் வாசகம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "வடிகாலை ஏன் இப்படிக் கட்டினீர்கள்" என்று கேட்டால், விளக்கம் கேட்பது சட்டத்தின் வரம்பில் வராது என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிடுவார்கள். அலுவலகக் கோப்பில் அந்தத் தாள் எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, விரிவான மதிப்பீடு, மன்றத் தீர்மானம், பணி ஆணை, ஒப்பந்தப் பத்திரம், அளவீட்டுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், கான்கிரீட் கனசதுரச் சோதனை அறிக்கை, பகுதிப் பட்டியல், இறுதிப் பட்டியல் என்று நான் தனித்தனியாக எழுதினேன். அதோடு, பிரிவு 2(j)இன்படி ஆவணங்களை நேரில் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் அனுமதி கோரினேன். இந்தக் கடைசி வரியை யாரும் விட்டுவிடக் கூடாது. நகல் மட்டும் கேட்டவர்களுக்கு எந்தப் பக்கத்தைக் கொடுப்பது என்று அலுவலகம் முடிவு செய்கிறது. பார்வையிடக் கேட்டவர் முன்னால் முழுப் புத்தகத்தையும் வைத்தாக வேண்டும்.

சட்டம் தரும் 30 நாள் கடந்த பிறகே பதில் வந்தது. மதிப்பீடும் பணி ஆணையும் தருவதாகவும், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் பணம் கட்ட வேண்டும் என்றும், அளவீட்டுப் புத்தகம் ஒப்பந்தக்காரரின் வணிக நம்பகத்தன்மைக்கு உட்பட்டது என்பதால் பிரிவு 8(1)(ஈ)இன் கீழ் மறுக்கப்படுவதாகவும் அதில் இருந்தது. காலம் கடந்து தரும் தகவலுக்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது பிரிவு 7(6). ஒப்புகை அட்டையின் நகலை இணைத்து அதைச் சுட்டிக்காட்டி எழுதியதும், முதல் கட்டு நகல்கள் கட்டணமின்றி வந்து சேர்ந்தன. தொகை சிறியதுதான் என்றாலும், சட்டத்தைத் தெரிந்து கேட்கும் ஒருவர் இருக்கிறார் என்று அந்த அலுவலகத்துக்கு அன்றுதான் உறைத்தது.

வணிக ரகசியம் என்ற காரணம் எனக்கு உண்மையிலேயே கோபமூட்டியது. பொதுப் பணத்தில் பொது நிலத்தில் கட்டிய ஒரு சுவரின் உயரம் யாருடைய ரகசியம்? தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, யாருடைய ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டது, மற்றவை ஏன் நிராகரிக்கப்பட்டன என்ற விவரத்தையே ஒப்பந்தப்புள்ளி இதழுக்கு அனுப்பச் சொல்கிறது. அப்படியிருக்க, வேலை முடிந்து பணம் கேட்கும் கட்டத்தில் மறைப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஏதேனும் ஒரு பகுதி மறைக்கத்தக்கதாக இருந்தாலும், அதை நீக்கிவிட்டு மீதியைத் தர வேண்டும் என்பது பிரிவு 10. இவற்றையெல்லாம் எழுதி, பதில் கிடைத்த 30 நாளுக்குள், ஆணையருக்கு முதல் மேல்முறையீடு அனுப்பினேன்.

விசாரணைக்குக் குறித்த நாளில் போனபோது, ஆணையர் மாறுதலாகிப் போய்விட்டார், புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை என்றார்கள். எனக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தவன் வெறுங்கையோடு திரும்பினேன். இந்த இடத்தில் பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். மேல்முறையீட்டை 30 நாளிலோ, காரணத்தை எழுதிவைத்து மிஞ்சிப்போனால் 45 நாளிலோ முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதையும், அது முடியாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யப்போவதையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். புதிய ஆணையர் என்னைக் கூப்பிட்டுப் பொறுமையாகக் கேட்டார், கோப்பைப் புரட்டினார், பார்வையிட அனுமதித்து உத்தரவிட்டார். அந்த அலுவலகத்தில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

உத்தரவோடு பொறியியல் பிரிவுக்குப் போனால், எம்.புக் ஆடிட்டில் இருக்கிறது என்றார்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைக்குப் போயிருந்தால் அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுத்தில் தாருங்கள், தணிக்கையில் இருப்பது பிரிவு 8 சொல்லும் விலக்குகளில் ஒன்றல்ல என்றேன். சிறிது நேரம் உள்ளே பேச்சு நடந்தது. பிறகு புத்தகம் அதே அறையின் அலமாரியிலிருந்து வந்தது.

தடித்த அட்டை, ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட எண், அதன்கீழ் எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், கன அளவு என்று கட்டங்கள். வடிகாலின் மொத்த நீளம் 120 மீட்டரையும் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். உள் அகலம் 0.60, சுவரின் கனம் 0.15. ஆழக் கட்டத்தில் முதல் வரியில் 0.90 என்று எழுதி, அதன்கீழ் கடைசி வரி வரை மேற்படிக் குறி மட்டும் போட்டிருந்தது. சரிவாக ஓட வேண்டிய வடிகாலுக்கு, மேடும் பள்ளமுமான தெருவில், ஒரு சென்டிமீட்டர் வேறுபாடுகூட இல்லாமல் ஆழம் அமைவது நடக்கிற காரியமா? அதைவிட முக்கியமானது தேதி. மூடுபலகைகள் பதித்த நாளுக்குப் பிந்தைய தேதியில்தான் 'செக் மெஷர்மெண்ட்', அதாவது மேலுள்ள பொறியாளர் அளவைச் சரிபார்த்ததற்கான கையெழுத்து இருந்தது. பலகையால் மூடிய வாய்க்காலின் ஆழத்தை அந்தப் பொறியாளர் எப்படிச் சரிபார்த்தார் என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் இல்லை.

கைப்பேசியில் படமெடுக்க அனுமதி இல்லை என்றார்கள். அதற்காக வாதாடி நேரத்தை வீணாக்காமல், அளவுகள் அனைத்தையும் கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொண்டு, அந்தப் பக்கங்களின் சான்றிட்ட நகலுக்கு அங்கேயே மனு கொடுத்தேன். பார்வையிடலுக்கு முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. எந்தப் பக்கம் வேண்டும் என்று முன்பே தெரிந்து போனால் அந்த நேரம் தாராளமாகப் போதும்.

அடுத்த வாரம் தூய்மைப் பணியாளர்கள் அடைப்பெடுக்கப் பலகைகளைத் தூக்கியபோது, தெருக்காரர்கள் நான்கைந்து பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நாடாவால் அளந்தேன். மேற்கிலிருந்து 75 மீட்டர் வரை 0.90 சரியாக இருந்தது. அங்கிருந்து கிழக்கே மீதி 45 மீட்டருக்கு 0.60தான். பாறை தட்டுப்பட்டதோ, தோண்டச் சோம்பலோ தெரியாது. தண்ணீர் வெளியேற வேண்டிய பக்கத்தின் அடித்தளம் மேடாகிவிட்டது. தேங்கியதற்குக் காரணம் அதுவே. கணக்கு போட்டால், இரண்டு பக்கச் சுவரிலும் சேர்த்து 4.05 கன மீட்டர் கம்பி கட்டிய கான்கிரீட்டும், 12.15 கன மீட்டர் மண் வேலையும் செய்யாமலே செய்ததாக எழுதப்பட்டிருந்தன. ஊருக்குள் ஒரு தெருவில் நடந்தது இவ்வளவு. தொகை பெரிதில்லை என்று என்னிடம் சொன்னவர்களிடம், மழைக்கு என் பக்கத்து வீட்டு அம்மா அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைத்ததைத்தான் சொன்னேன்.

சான்றிட்ட நகல், என் அளவுகள், சாட்சிகளின் கையெழுத்து மூன்றையும் இணைத்து, ஆணையருக்கும் நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கும் மனு அனுப்பினேன். கூட்டு அளவீடு கேட்டிருந்தேன். யார்மீதும் குற்றம் சுமத்தி ஒரு சொல்லும் எழுதவில்லை. இதில் கவனம் தேவை. ஆளைப் பற்றி எழுதினால் விசாரணை ஆளைச் சுற்றியே போய் முடிந்துவிடும். அளவைப் பற்றி எழுதினால் நாடாவை எடுத்துக்கொண்டு வந்துதான் ஆக வேண்டும். வந்தார்கள். வேறு அலுவலகத்துப் பொறியாளர் ஒருவர், ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் ஓவர்சியர், தெருவாசிகள் எல்லாரும் நிற்க, பலகைகளைத் தூக்கி அளந்தார்கள். நான் எழுதியதற்கும் அவர்கள் எழுதியதற்கும் வித்தியாசம் இல்லை.

இறுதிப் பட்டியல் அப்போது கையெழுத்துக்குப் போயிருந்தது, பணம் போகவில்லை. எங்களுக்கு அனுகூலமாக அமைந்தது அதுதான். பட்டியல் திருப்பப்பட்டது; வேலையில் குறை தெரிந்தால் ஒப்பந்தக்காரரே சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியாததால் அவருடைய வைப்புத் தொகையும் நகராட்சி கையிலேயே இருந்தது. கிழக்குப் பகுதியை இடித்து ஆழப்படுத்தித் தந்தால் மட்டுமே பணம் என்று கடிதம் போயிற்று. ஆகவே வேலை முடிந்து ஓராண்டு ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இறுதிப் பட்டியலும் வைப்புத் தொகையும் வெளியே போவதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

சித்திரையில் வேலை தொடங்கியது. கிழக்கே சிறுபாலம் வரையுள்ள பகுதியை இடித்து இறக்கிவிட்டார்கள். பலகை பதிக்கும் முன்பே ஆழத்தை அளந்து, தேதியோடு புதிய பக்கத்தில் பதியச் சொல்லி ஆணையர் எழுத்தில் உத்தரவிட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலுக்கும் மனு அனுப்பியாயிற்று, இம்முறையும் அஞ்சலில்தான்.