நேற்றைய நகலும் இன்றைய கணக்கும்

பெங்களூரு வெளிவட்டச் சாலையில், பெல்லந்தூருக்கு அருகே உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பீன்யா, நெலமங்கலா, ஒசூர் குடோன்களில் போடப்படும் ஒவ்வொரு எல்.ஆரும், அதாவது லாரியில் ஏற்றும் சரக்குக்கான ரசீதும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரே அட்டவணையின் ஒரு வரிசையாக வந்து சேர்கிறது. அனுப்புபவர், பெறுபவர், எடை, வண்டி எண், இ-வே பில் எண், வாடகை, அட்வான்ஸ், பாக்கி என்று அந்த வரிசைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட நெடுவரிசைகள் உண்டு. ஓர் எல்.ஆரைத் தேடி எடுப்பதோ அதன் நிலையை மாற்றுவதோ சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். ஆனால் 'இந்த நிதியாண்டில் எந்தத் தடத்தில் எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது' என்று கேட்டால், அதே தரவுத்தளம் கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

நான் சேர்ந்தபோது இதற்கு எல்லோரும் செய்யும் ஏற்பாடுதான் இருந்தது. இரவுதோறும் அட்டவணைகளைத் தனியான தரவுக் கிடங்கு ஒன்றுக்கு நகலெடுத்து, பகலில் ரிப்போர்ட்டுகளை அங்கிருந்து எடுப்பார்கள். கிடங்கு வேகமாகத்தான் இயங்கியது. யாரும் அதன் வேகத்தைக் குறை சொன்னதில்லை. கணக்குப் பிரிவின் மேலாளர் நாமக்கல்காரர், லாரித் தொழிலிலேயே வளர்ந்தவர். அவர் சொன்ன குறை வேறு: "ராத்திரி எடுத்த கணக்க வச்சுக்கிட்டு காலைல நான் எந்தப் பார்ட்டிகிட்ட பேசறது தம்பி? அவன் பத்து மணிக்கே பணத்தப் போட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறான்." விற்பனைப் பிரிவினர் நேரடித் தரவிலிருந்து ஒரு தொகையைச் சொல்வார்கள், இவர் கிடங்கிலிருந்து இன்னொன்றைச் சொல்வார், எது சரி என்று ஒத்துப்பார்ப்பதிலேயே கூட்டத்தின் பாதி நேரம் போய்விடும். தரவுக் கிடங்கு வாங்கும்போது போடும் செலவுக் கணக்கில் இந்த நேரத்தை யாரும் சேர்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆகவே கணக்கைத் தரவு இருக்கும் இடத்திலேயே போட முடியுமா என்று பார்க்கத் தொடங்கினோம். தாமதத்தின் காரணம் சேமிப்பு முறையிலேயே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஒரு வரிசையின் நெடுவரிசைகளை எல்லாம் அடுத்தடுத்து வைத்து, 8 கேபி அளவுள்ள பக்கங்களாக வட்டில் எழுதுகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் 23 பைட் தலைப்பு வேறு. மூன்று நெடுவரிசைகளை மட்டும் கூட்ட வேண்டியிருந்தாலும், அறுபதையும் சுமக்கும் பக்கங்களைப் படித்தே ஆக வேண்டும். ஊர்ப் பெயர் ஒன்று தெரிய வேண்டும் என்பதற்காக லோடு முழுவதையும் இறக்கிப் பார்ப்பது போன்ற வேலை அது. நெடுவரிசைவாரியாகச் சேமித்தால் கேட்ட மூன்றை மட்டும் படிக்கலாம். ஒரே வகை மதிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவை நன்றாகச் சுருங்கவும் செய்யும். போஸ்ட்கிரெஸ் வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிடும் இடத்தில், நெடுவரிசைவாரியாகக் கணக்கிடும் டக்டிபி போன்ற தரவுத்தள மென்பொருள்கள் ஒரு தடவைக்கு 2048 மதிப்புகளைக் கையாளுகின்றன.

இரண்டு முறைகளையும் ஒரே தரவுத்தளத்துக்குள் வைக்கும் எண்ணம் புதியதன்று. 2014-இல் ஆரக்கிள் தன் நினைவகத்துக்குள் நெடுவரிசை வடிவத்தையும் சேர்த்துவைத்தது. எஸ்க்யூஎல் சர்வர் அதற்கு முன்பே, 2012-இல், நெடுவரிசைவாரியாகச் சேமிக்கும் கொலம்ஸ்டோர் இண்டெக்ஸைக் கொண்டுவந்தது; ஆனால் அந்தப் பதிப்பில் இண்டெக்ஸைப் போட்டதும் அட்டவணையை வாசிக்க மட்டுமே முடியும். முந்தைய வேலையில் ஒவ்வோர் இரவும் அந்த இண்டெக்ஸை நீக்கி, தரவை ஏற்றி, மறுபடி கட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதும் பகலில் கிடைத்தது நேற்றைய நகல்தான்!

இங்கே முதலில் கையில் இருப்பதைக் கொண்டே முயன்றோம். எல்.ஆர்கள் தேதி வரிசையில் வந்து சேர்வதால், தேதிக்கு பிரின் இண்டெக்ஸ் போட்டோம். 128 பக்கங்களுக்கு, அதாவது 1 எம்பிக்கு ஒரு தடவை, குறைந்த தேதியையும் அதிகத் தேதியையும் மட்டும் குறித்துக்கொள்ளும் மிகச் சிறிய இண்டெக்ஸ் அது. கேட்ட மாதத்துக்கு வெளியே உள்ள தொகுதிகளை வினவல் தாண்டிப் போய்விடும். ஒரு சிக்கல் உண்டு. வரிசையைத் திருத்தினால் போஸ்ட்கிரெஸ் பழையதை அழித்து எழுதாமல் புதிய பிரதி ஒன்றை எழுதுகிறது. பக்கத்தில் இடமில்லாவிட்டால் அந்தப் பிரதி வேறொரு பக்கத்துக்குப் போய், அந்தத் தொகுதியின் தேதி எல்லையை அகலமாக்கிவிடும். எல்.ஆரின் நிலை டெலிவரி வரை பலமுறை மாறுவதால், ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும்படி ஃபில்ஃபேக்டரை, அதாவது பக்கத்தை எவ்வளவு நிரப்பலாம் என்ற விகிதத்தை, குறைத்த பிறகே இண்டெக்ஸ் முழுப் பயன் தந்தது. வரிசைப்படுத்தும் வேலை வட்டுக்கு வழிவதைத் தடுக்க, அந்த வேலைக்கு ஒதுக்கும் நினைவகமான வொர்க்மெம் அளவை 4 எம்பியிலிருந்து உயர்த்தினோம். அந்த அளவு இணைப்பு ஒன்றுக்கானது அன்று, வினவலுக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்குமானது என்பதால், ரிப்போர்ட் இணைப்புகளுக்கு மட்டுமே உயர்த்தினோம்.

ரிப்போர்ட்டுகளை வாசிப்பு நகல் சர்வரில், அதாவது மூலச் சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் பெற்று வாசிக்க மட்டும் விடும் இன்னொரு சர்வரில், ஓட்டலாமே என்று யாராவது கேட்பார்கள். அதையும் செய்தோம். மூலச் சர்வரில் வேக்யூம் என்ற துப்புரவு வேலை அகற்றிய பழைய பிரதிகள் நகலில் ஓடும் நீண்ட வினவலுக்குத் தேவைப்பட்டால், இயல்பான அமைப்பில் 30 நொடி பொறுத்துவிட்டு நகல் அந்த வினவலைக் கொன்றுவிடும். அதைத் தவிர்க்க தனக்கு எந்தப் பிரதிகள் தேவை என்று நகல் மூலச் சர்வருக்குச் சொல்லும் ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்கை இயக்கினால், நகலில் ஓடும் ரிப்போர்ட்டுக்காக மூலச் சர்வரில் பழைய பிரதிகள் குவியும். எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளத்தான் முடிகிறது.

பெரிய மாற்றம், 2024-இல் வெளிவந்த பிஜி டக்டிபி நீட்சியால் வந்தது. அது டக்டிபியைப் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே ஓட்டுகிறது. ஆனால் அதை நிறுவிய மாத்திரத்தில் எல்லாம் பறக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தரவு வழக்கமான அட்டவணையிலேயே இருந்தால், கணக்கிடும் பகுதி வேகமானாலும், வரிசைகளை முழுதாகப் படிக்கும் செலவு அப்படியே இருக்கும். ஆகவே முடிந்துபோன நிதியாண்டுகளின் எல்.ஆர்களை நெடுவரிசை வடிவமான பார்க்கெட் கோப்புகளாக எழுதி, நடப்பாண்டை மட்டும் அட்டவணையில் விட்டோம். ஒரே வினவல் இரண்டையும் சேர்த்துக் கூட்டுகிறது. காலையில் வரவு வைக்கப்பட்ட பணம் அடுத்த நிமிடமே பாக்கிப் பட்டியலில் தெரிகிறது. ஆண்டு ஒப்பீடு சில நொடிகளில் வந்துவிடுகிறது. புக்கிங் வேலைக்கு இடைஞ்சல் வராதிருக்க, டக்டிபி எடுத்துக்கொள்ளும் நினைவகத்துக்கும் த்ரெட் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருக்கிறோம்.

பழைய ஆண்டின் எல்.ஆர் ஒன்றுக்கு இப்போது வாடகை குறைத்துக் கொடுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது, ஏனென்றால் பார்க்கெட் கோப்புக்குள் ஒரு வரிசையை மட்டும் திருத்த முடியாது. கோப்பைத் திருப்பி எழுதலாம் என்று நான் சொன்னபோது மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "மூடுன வருஷத்துல கை வைக்காதீங்க தம்பி. இந்த வருஷத் தேதில மாத்துப் பதிவு போடுங்க, அதான் கணக்கு முறை" என்றார். அப்படியே, பழைய எல்.ஆர் எண்ணைத் தாங்கிய கழிவு வரிசை ஒன்றை நடப்பு அட்டவணையில் சேர்க்கிறோம், கூட்டும்போது அது தானாகச் சேர்ந்துகொள்கிறது. ஜிபிஎஸ் பதிவுகளோடு இணைத்துப் பார்க்கும் டீசல் ரிப்போர்ட் மட்டும் இதற்குள் அடங்கவில்லை. அது இன்னமும் பழைய தரவுக் கிடங்கில்தான் இரவில் ஓடுகிறது.