தண்ணி ஊத்தாதவங்க

புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா கோவில் வாசல். ஞானஸ்நானம் முடிந்து ஒரு குடும்பம் குழந்தையோடு மிஷன் வீதியில் இறங்குகிறது. குழந்தையின் தலைமுடி இன்னும் காயவில்லை.

கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்த அம்மா, கோவிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் கை நிற்காமலே கேட்டார். "ஏன் உபதேசியாரே, தண்ணி ஊத்தாத எங்களுக்கெல்லாம் நரகந்தானா?"

"அப்படி நான் சொல்ல முடியாதும்மா."

அது சமாளிப்பு இல்லை. கத்தோலிக்கப் போதனையே இன்று அதுதான்.

1442இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய புளோரன்ஸ் சங்கம், திருச்சபைக்கு வெளியே சாகிறவர்களுக்கு நித்திய நெருப்பு என்று எழுதி வைத்தது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேறு மாதிரி பேசியது: தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல், மனசாட்சிப்படி கடவுளைத் தேடுகிறவர் மீட்படைய முடியும்.

'முடியும்' என்றுதான் இருக்கிறது, 'அடைவார்' என்று இல்லை. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் கேட்டால் பெரும்பாலும் 'என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்' என்று இயேசு சொல்லும் யோவான் 14:6ஐக் காட்டி, அந்த 'முடியும்' கூடக் கிடையாது என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சாகக்கிடக்கும் குழந்தைக்கு அந்தப் பூக்கார அம்மாவே ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும், கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை.

குழாய்த் தண்ணீர் போதும், பன்னீர் ஆகாது. தலையில் வழிந்து ஓட வேண்டும், ஈரக்கையால் தடவினால் செல்லாது. ஊற்றும்போதே, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். 'நான்' இருக்கும் இடத்தில் 'நாங்கள்' என்றால் செல்லாது என்று 2020இல் வத்திக்கானே சொல்லிவிட்டது.

உபதேசியார் இரண்டு முழம் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.