எல்லை மிதவை: முதலில் தரையைப் பாருங்கள்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி, பவளத்தைக் காக்கும் பகுதி எதுவரை என்று காட்டும் எல்லை மிதவை போடுவது பற்றிப் பேச்செடுத்தாலே, முதல் கேள்வி மிதவை என்ன விலை என்பதுதான். மிதவையைத் தேர்வு செய்வது சுலபம். வெயில் தாங்கும் பாலிஎத்திலீன் கூடு, உள்ளே தண்ணீர் ஏறாத நுரை. படகின் விசிறி (புரொப்பெல்லர்) கிழித்தாலும் மூழ்காது. நிறம் மஞ்சள், உச்சியில் பெருக்கல் குறி, விளக்கு வைத்தால் அதுவும் மஞ்சள்.

கோளாறெல்லாம் அடியில், மிதவையைக் கடல் தரையில் பிடித்து வைக்கும் கட்டியிலும் சங்கிலியிலும்தான். ஒரு டன் கான்கிரீட் கட்டி தண்ணீருக்குள் சுமார் 570 கிலோதான் இருக்கும்; அதே எடை இரும்பு 870 கிலோ. அதனால்தான் கச்சான் (மேல்காற்று) வீசும் காலத்துக் கடலில் கான்கிரீட் நகர்ந்துவிடுகிறது. கூடவே சங்கிலி. 6 மீட்டர் ஆழத்துக்கு 18 மீட்டர் சங்கிலி போட்டால், 12 மீட்டர் தரையில் கிடந்து, காற்று திரும்பும்போதெல்லாம் சுற்றிச்சுற்றி 450 சதுர மீட்டரை வழித்தெடுக்கும். பவளத்தைக் காக்கப் போட்ட மிதவையே பவளத்தை உடைக்கும். எல்லைக் குறியும் 17 மீட்டர் வரை இங்குமங்கும் அலையும்.

சங்கிலி சீராகத் தேயாது. அலைக்கு அலை எழுந்து விழும் அந்த ஒன்றிரண்டு மீட்டர்தான் மெலியும். கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் அளந்து பாருங்கள்: 13 மி.மீ. 10 ஆகியிருந்தால் வலுவில் நாற்பது சதம் போயாயிற்று.

கெட்டியான பாறையில் ஃப்ளோரிடாவின் கீ லார்கோவில் கடல் உயிரியலாளர் ஜான் ஹாலஸ் கொண்டுவந்த முறையே என் தேர்வு: உயிருள்ள பவளம் இல்லாத இடமாகப் பார்த்து 45 செ.மீ. துளையிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கண்போல்ட்டை (தலையில் வளையமுள்ள போல்ட்) சிமென்ட் வைத்து இறுக்குவது. மணலிலும் கடற்புல் தரையிலும், தரைக்குள் திருகி இறக்கும் திருகு நங்கூரம். பாக் விரிகுடாவின் கடற்பசு காப்பகம் போன்ற இடத்தில் கான்கிரீட் கட்டியை இறக்கவே கூடாது.

சங்கிலிக்குப் பதில் கயிறு. அதில் கீழ்ப்பாதி மிதக்கும் பாலிப்ரொப்பிலீன், மேல்பாதி மூழ்கும் நைலான். மாற்றிக் கட்டினால் கீழே பாறையில் அறுபடும், மேலே விசிறியில் சிக்கும். இந்தக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் என்பதால் கயிற்றைக் குட்டையாகவே விடலாம்.

ஸ்டெயின்லெஸ் கண்போல்ட்டில் கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) ஷாக்கிளை, அதாவது குறுக்கே ஆணி போட்டு மூடும் U வடிவ இணைப்பை, மாட்டாதீர்கள். துத்தநாகம் கரைந்து ஷாக்கிள் துருவேறும். கயிற்றின் நுனி வளையத்துக்கு ரப்பர் ஹோஸ் உறை போட்டு கண்போல்ட்டில் நேரே கோத்துவிடுங்கள். வேறிடத்தில் கால்வனைஸ் ஷாக்கிள் போட்டால், ஆணியைப் பூட்டும் கம்பியும் கால்வனைஸாகவே இருக்கட்டும்.

மிதவையில் ஒட்டி வளரும் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஏறும் எடைக்கும் சேர்த்து, கணக்குக்கு இரண்டு மடங்கு மிதப்பு வையுங்கள். வளையம் இருந்தால் படகைக் கட்டத்தான் செய்வார்கள், அதில் கோபித்துப் பயனில்லை. கட்ட இடமில்லாத வழுக்கு மிதவையாக வாங்குங்கள், அல்லது படகின் இழுப்பையும் சேர்த்தே நங்கூரத்தைக் கணக்கிடுங்கள்.