சான் ஹுவானில் ஒன்றரைக் கிலோமீட்டர்

ஊருக்குத் திரும்பி நான்கு நாள் ஆகிறது. அந்த டாக்ஸிக்காரர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆறிவிட்டால் எனக்கு எழுத வராது. அதனால் அழுக்குத் துணியைக்கூடப் பெட்டியிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

போனது அமெரிக்காவின் கையில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோத் தீவின் தலைநகர் சான் ஹுவானுக்கு. நானும் என்னவனும். அவன் மதுரைக்காரன், ஒரு டாலர் செலவானாலும் போனில் குறித்துவைக்கிற ஆள். இருவருக்கும் அட்லாண்டாவில் வேலை. கரீபியன் பக்கம் எங்களைப் போன்ற ஆண் ஜோடி போய் நிம்மதியாக ஆடிவிட்டு வர எந்த ஊர் என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். பக்கத்திலேயே ஜமைக்காவில் ஆணும் ஆணும் கூடுவது இன்றும் சட்டப்படி குற்றம். இங்கே அமெரிக்கச் சட்டம், அமெரிக்க டாலர், உள்நாட்டு விமானம். விசாக்காரர்கள் மட்டும் பாஸ்போர்ட்டையும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவுத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எங்கே தங்குவது, எங்கே குடிப்பது, எப்படித் திரும்புவது என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். ஆனால் முதலில் மொஃபோங்கோ.

வாழைக்காய்தான். நம்ம ஊர் வாழைக்காய் மாதிரியே, கொஞ்சம் பெரியது. துண்டு போட்டுப் பொரித்து, சூடு ஆறுவதற்குள் மர உரலில் போட்டு, பூண்டு, உப்பு, மொறுமொறு பன்றித்தோல் எல்லாம் சேர்த்து இடிக்கிறார்கள். சாந்துர்ஸே பகுதியில் ஒரு சின்னக் கடை. இடிக்கிற அம்மா இடது உள்ளங்கையால் உரலின் வாயைப் பாதி மூடிக்கொண்டு, விரல் இடுக்கில் உலக்கையை இறக்கி ஏற்றினார். ஒரு பருக்கை வெளியே தெறிக்கவில்லை. என் அப்பத்தா இஞ்சி தட்டும்போது இதே கைதான், இதே கோணம்தான். அப்புறம் உரலைத் தட்டில் கவிழ்த்து, மேலே இறால் குழம்பை ஊற்றினார். 18 டாலர். ஒரு தட்டு வாங்கி இருவர் சாப்பிடலாம் என்றான் என்னவன். நான் பதில் சொல்லாமல் இரண்டாவது தட்டுக்குக் கை காட்டினேன். இந்தப் பயணத்தில் நான் எடுத்த சரியான முடிவுகளில் அது ஒன்று.

சரி, தங்குமிடம். கோன்டாடோ கடற்கரைப் பகுதியில் ஆஷ்ஃபோர்ட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை எடுத்தோம். விலை அதிகம், அறை சின்னது, ஏசி இரைச்சல். ஆனால் வெண்டிக் தெருவின் முனைக்கு நடந்து போய்விடலாம். அங்கே முன்பு அட்லான்டிக் பீச் என்று ஒரு கே ஹோட்டல் இருந்தது. ஹோட்டல் போய்விட்டது, கூட்டம் போகவில்லை. இன்றும் அந்த மணல் பக்கம்தான் நம்மாட்கள் துண்டு விரிக்கிறார்கள். பகலில் அங்கே கை கோர்த்துக்கொண்டு நடந்தோம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மதுரையிலும் இரண்டு ஆண்கள் கை கோர்த்து நடந்தால் யாரும் பார்ப்பதில்லைதான். அங்கே நண்பர்கள் என்று நினைப்பதால் பார்ப்பதில்லை, இங்கே தெரிந்துகொண்டே பார்க்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு உள்ளங்கையிலேயே தெரிந்தது.

ஆனால் கோன்டாடோ கடலில் இறங்கும்போது கவனம். அலை சின்னதாகத்தான் தெரியும், அடியில் நீரோட்டம் இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்த சுற்றுலாப் பயணிகளே இங்கே செத்திருக்கிறார்கள். சிவப்புக் கொடி பறந்தால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீந்தியே தீர வேண்டும் என்றால், பாறைகள் அலையைத் தடுக்கிற எஸ்காம்ப்ரோன் கடற்கரைக்குப் போங்கள்.

இரவு என்றால் சாந்துர்ஸேதான். கோன்டாடோவுக்கும் அதற்கும் நடுவே ஓர் அதிவேகச் சாலை ஓடுகிறது. அந்தச் சாலையைத் தாண்டினால் ஹோட்டல்களின் பளபளப்பு போய், சுவரெல்லாம் ஓவியமும் பாதி இடிந்த வீடுகளுமாக வேறு ஊர். வழி கேட்டால் ‘பரதா 18’, ‘பரதா 22’ என்பார்கள். பரதா என்றால் நிறுத்தம். 1940களிலேயே நின்றுபோன டிராமின் நிறுத்தங்கள் அவை. தண்டவாளம் போய் எத்தனையோ வருடம் ஆகியும் விலாசம் அப்படியே நிற்கிறது. பழைய கே பார்களும் இந்தப் பரதா எண்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. நடுவில் லா பிளாசீட்டா. பகலில் காய்கறிச் சந்தை, வியாழன் முதல் சனி வரை இரவில் தெருவே ஆடுகளம். மெடாலா என்ற உள்ளூர் பீர் சின்ன கேனில் வரும், மலிவு, தண்ணீர் மாதிரி இறங்கும். பாரில் குடித்தால் 11.5 சதவீத வரி, அப்புறம் டிப்ஸ். பலகையில் எழுதியிருக்கும் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நாங்கள் போன பாரின் பெயர் வேண்டாம், இன்னொரு தடவை போகிற எண்ணம் இருக்கிறது. கதவருகே பையைத் திறந்து பார்த்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் எல்லோரையும் ‘மி அமோர்’, அதாவது ‘என் அன்பே’ என்று அழைத்தார். என்னையும்தான். நான் நெளிந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு தடவை அழைத்தார். பன்னிரண்டரைக்கு மேடையில் டிராக் ராணி, அதாவது பெண் வேடம் போட்டு மேடையேறும் ஆண். ஆறடி உயரம், தலைமேல் இன்னும் ஓரடி முடி, பழைய பொலேரோ பாட்டுக்கு உதடு அசைத்துக்கொண்டிருந்தார். பாட்டு உச்சத்துக்குப் போகிற நேரம், டப்பென்று இருட்டு. ‘சே ஃபுவே லா லூஸ்!’ என்று கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. “கரண்ட் போயிருச்சுடா” என்றான் என்னவன், பரம திருப்தியோடு, சொந்த ஊருக்கு வந்த மாதிரி. இந்தத் தீவில் மின்வெட்டு சாதாரணம். அந்தம்மா அசரவே இல்லை. இடுப்பில் கை வைத்து ஒரு நொடி நின்றார். பிறகு மைக் இல்லாமல், உதட்டசைவு இல்லாமல், சொந்தக் குரலில், கரகரத்த ஆண் குரலில், விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தார். போன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அந்த வெளிச்சத்தில் அவர் கன்னத்து ஜிகினா வியர்வையோடு கழுத்துக்கு இறங்குவது தெரிந்தது. ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்ததும் கூட்டம் ‘அய்ய்ய்’ என்று ஏமாற்றத்தில் முனகியது.

இரவில் எத்தனை மணிவரை என்றால், 2023இல் நகராட்சி ஒரு விதி போட்டுவிட்டது. வாரநாளில் 1 மணிக்கு மேலும், வெள்ளி சனியில் 2 மணிக்கு மேலும் மது விற்கக் கூடாது. ஹோட்டல்களுக்கு விலக்கு உண்டு. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் தூங்க வேண்டும், நியாயம்தான். ஆனால் நடப்பது என்ன? 2 மணிக்கு எல்லா பாரும் ஒரே நேரத்தில் கூட்டத்தைத் தெருவில் கொட்டுகிறது. எல்லோருக்கும் அதே நிமிடம் வண்டி வேண்டும். செயலியைத் திறந்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 34 டாலர். வெளியே ஒரு டாக்ஸி நின்றது. 25 என்றார். மீட்டர் போடச் சொன்னேன். சிரித்தார். “நடந்தே போயிரலாம்டா, இருபது நிமிஷம்” என்றான் என்னவன். கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது.

பாதித் தூரம் வந்திருப்போம். அந்த அதிவேகச் சாலையின் அடிவழி, விளக்கு எரியவில்லை. பழக்கத்தில் கை கோர்த்தபடி நடக்கிறோம். ஒரு கார் வேகம் குறைந்தது. கண்ணாடி இறங்கியது. ‘பாத்தோ!’ என்று ஒரு குரல், கூடவே இரண்டு சிரிப்பு. கார் கொஞ்சம் முன்னால் போய், பிரேக் விளக்கு எரிய நின்றது.

“என்னடா சொல்றான்?”

“வாத்துங்கிறான்.”

“வாத்தா?”

பாத்தோ என்றால் ஸ்பானிஷில் வாத்து. போர்ட்டோ ரிக்கோவில் அது நம்மைத் திட்டுகிற சொல். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. விளக்கிக்கொண்டிருக்கவில்லை. கையை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி, ஓடாமல் ஆனால் ஓட்டத்துக்குக் குறையாத நடையில், சத்தமும் வெளிச்சமும் இருந்த பக்கம் போனோம். கார் பின்னால் வரவில்லை. ஒருவேளை சிக்னலுக்குத்தான் நின்றதோ என்னவோ. அந்த நேரத்தில் கிட்டே போய் விசாரிக்கவா முடியும்?

பயப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். சட்டம் நம் பக்கம்தான். 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு இங்கும் திருமணம் வந்தது. அப்படியும் சான் ஹுவானில் ஒரு நீதிபதி 2016 மார்ச்சில் அந்தத் தீர்ப்பு இந்தத் தீவுக்குப் பொருந்தாது என்று எழுதினார். அடுத்த மாதமே மேல் நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. ஆனால் இருட்டில் கார்க்காரனிடம் தீர்ப்பு நகலைக் காட்ட முடியாது. 2020 பிப்ரவரியில் பக்கத்து ஊரான தோவா பாஹாவில் அலெக்ஸா என்ற திருநங்கை சுட்டுக் கொல்லப்பட்டார். உணவகத்தில் பெண்கள் கழிப்பறைக்குப் போனார் என்று புகார், படங்கள் இணையத்தில் பரவின, அடுத்த விடியலுக்குள் பிணம். வீடில்லாமல் தெருவில் வாழ்ந்தவர். சில நாளில் பாடகர் பேட் பன்னி, ‘அலெக்ஸாவைக் கொன்றார்கள், பாவாடை கட்டிய ஆணை அல்ல’ என்று எழுதிய சட்டையோடு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடினார். இந்த ஊரில் இரண்டும் உண்டு, சுடுகிறவனும் சட்டை போடுகிறவனும். ஹோட்டலில் தங்கப் பணம் இருக்கிற எங்களுக்கு ஆபத்து குறைவு. உள்ளூர்த் திருநங்கைகளுக்கு அப்படி இல்லை.

எஸ்காம்ப்ரோன் பக்கத்துப் பூங்காவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2016 ஜூனில் ஒர்லாண்டோவில் பல்ஸ் கே கிளப்பில் சுட்டுக் கொல்லப்பட்ட 49 பேருக்காக வைத்தது. அவர்களில் 23 பேர் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். நீந்திவிட்டு ஈரக் கால்சட்டையோடு எதேச்சையாகத்தான் அங்கே போனோம். கடலுக்கு வந்தவர்கள் அதன் நிழலில் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை.

வேறு என்ன? கிரைண்டர் (Grindr) என்ற கே டேட்டிங் செயலியில் பழகியவரை முதலில் பாரிலோ பகலில் கடற்கரையிலோ பாருங்கள், அறைக்குக் கூப்பிடுவது அப்புறம். பாஸ்போர்ட் அறையிலேயே இருக்கட்டும், நகல் போதும். கோப்பையை வைத்துவிட்டு ஆடப் போனால் திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள். பழைய நகரின் மதிலுக்கு வெளியே கடலோரம் இருக்கும் லா பெர்லாவுக்கு இரவில் போதையில் இறங்க வேண்டாம். பகலில் போனாலும் அடுத்தவர் வீட்டை போட்டோ எடுக்காதீர்கள். அவசரத்துக்கு 911தான். ஜூனில் போனால் இங்கே நம்மாட்களின் பிரைடு ஊர்வலம் உண்டு, தீவின் மேற்கே போக்கெரோன் கடலோரத்தில் இன்னொன்று. அப்போது அறை வாடகையை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

டாக்ஸிக்காரர் கதை பாக்கி. திரும்பி வந்தபோது மனிதர் அதே இடத்தில் நின்றார். எங்கள் முகத்தைப் பார்த்தார். 30 என்றார். ஐந்து டாலர் ஏற்றிவிட்டார், இருபது நிமிடத்தில்! அதற்குத்தான் இந்தக் கோபம். ஏறினோம். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்து முனையில் இறக்கிவிட்டவர் கிளம்பவில்லை. வாசல் கம்பிக் கதவின் பூட்டு வழக்கம்போல் மக்கர் பண்ணியது. முன்விளக்கை எங்கள் மேல் அடித்தபடி, கதவு திறக்கும்வரை நின்றார். பிறகுதான் ரிவர்ஸ் எடுத்தார்.

திரும்பும் விமானத்தில் என்னவன் தூங்கியதும் அவன் செலவுக் கணக்கைத் திறந்து பார்த்தேன். அறை, மொஃபோங்கோ இரண்டு, பீர், பீர், பீர். அதற்குக் கீழே: ‘வாத்து – 30’.