விரலால இழுக்குற கேம ப்ராஜெக்டா எடுத்த ஜூனியர்ஸுக்கு

ஃபைனல் இயர்ல நான் பண்ணது சின்ன ஆண்ட்ராய்டு கேம்தான், மரப்பெட்டிய விரலால தொட்டு இழுத்து ஒன்னு மேல ஒன்னா அடுக்கணும், அவ்ளோதான். கேம் எழுதுற லிப்ஜிடிஎக்ஸ் லைப்ரரி, அதுக்குள்ள பாக்ஸ்2டி, அதாவது பொருள் விழுறது மோதுறதையெல்லாம் கணக்கு போடுற பிசிக்ஸ் எஞ்சின். ஆங்ரி பேர்ட்ஸ்ல இருக்குற அதே எஞ்சின்னு சொல்லித்தான் கைடுகிட்ட டைட்டில் ஓகே வாங்குனேன். இந்த வருஷம் ரெண்டு பேர் இதே மாதிரி எடுத்துருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன், அதான் டைப் பண்றேன்.

முதல் ரிவ்யூ வரைக்கும் நான் பண்ணது மகா மட்டமான வேலை. விரல் எங்க இருக்கோ அங்க ஒவ்வொரு ஃப்ரேமும் செட்டிரான்ஸ்ஃபார்ம் (பொருளோட இடத்த நேரடியா மாத்துற கட்டளை) போட்டு பெட்டிய தூக்கி வச்சேன். பாக்க ஓடுற மாதிரிதான் இருக்கும், ஆனா சுவத்துகிட்ட கொண்டுபோனா பெட்டி பாதி உள்ள போய் வெடவெடன்னு நடுங்கும், ஏன்னா நாம உள்ள தள்றோம் எஞ்சின் வெளிய தள்ளுது. அப்புறம் வேகமா வீசி விரல எடுத்தா பறக்கணும்ல? பறக்காது, நேரா கீழ விழும். இடத்த மாத்துனோமே தவிர அதுக்கு பக்கவாட்டு வேகம்னு ஒன்னு நாம கொடுக்கவே இல்ல.

இதுக்குன்னே மவுஸ் ஜாயிண்ட் இருக்கு. விரலுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு ஸ்பிரிங் கட்டுன மாதிரி, நாம நுனிய மட்டும் நகத்துறோம், பெட்டிய இழுத்துட்டு வர்றது எஞ்சினோட பாடு. தொட்ட புள்ளியவே டார்கெட்டா கொடுங்க, அப்பதான் மூலைய புடிச்சு தூக்குனா பெட்டி சாஞ்சு தொங்கும், நிஜப்பெட்டி மாதிரியே. ஃப்ரீக்வென்சி (ஸ்பிரிங் எவ்ளோ விறைப்பு) 5, டேம்பிங் (ஆட்டம் எவ்ளோ சீக்கிரம் அடங்கும்) 0.7னு டீஃபால்ட்டாவே வரும், அதுல கை வைக்க வேணாம். மேக்ஸ் ஃபோர்ஸ், அதாவது இழுக்க அதிகபட்சம் எவ்ளோ விசைங்குறது, அது மட்டும் டீஃபால்ட் 0! இது தெரியாம ஒரு நாள் பூரா பெட்டி ஏன் அசையலன்னு டச் கோடையே நோண்டிட்டு இருந்தேன். பாக்ஸ்2டி கூடவே வர்ற டெமோ ப்ரோக்ராம் டெஸ்ட்பெட்ல மாஸ் இன்ட்டு 1000 போட்டுருப்பாங்க, எனக்கு அது புல்டோசர் மாதிரி இருந்துச்சு, ஒரு பெட்டி இடிச்சா மொத்த அடுக்கும் சிதறும். மாஸ் இன்ட்டு 100க்கு குறைச்சேன், நல்லா இருந்துச்சு. கிராவிட்டி 10னு வச்சா மாஸ் இன்ட்டு 10க்கு கீழ போனா தூக்கவே தூக்காது, எடைய தாங்கணும்ல.

பிக்சல மீட்டரா கொடுக்காதீங்க, இது எல்லாரும் சொல்றதுதான், நானும் கேக்கல. 800 பிக்சல் ஸ்க்ரீன் எஞ்சினுக்கு 800 மீட்டர் ஆகிடும், மேலருந்து விட்ட பெட்டி கீழ வர 12 செகண்டுக்கு மேல ஆகும், நிலாவுல விழுற மாதிரி. 32 பிக்சலுக்கு 1 மீட்டர்னு மாத்துனதும் ரெண்டேகால் செகண்டுல வந்துருச்சு.

ரெண்டாவது ரிவ்யூல மானம் போச்சு. பெட்டிய இழுக்குறப்ப மட்டும் தரைக்குள்ள போகுது, விட்டதும் பிதுங்கி வெளிய வருது. மேடம் சிரிச்சிட்டாங்க. விஷயம் என்னன்னா ஜாயிண்டுக்கு ரெண்டு பாடி (எஞ்சினுக்குள்ள இருக்குற பொருள்) வேணும், ஒன்னு பெட்டி, இன்னொன்னு ஏதாவது ஒரு ஸ்டேட்டிக் பாடி, அதாவது அசையாதது, நான் சோம்பேறித்தனமா தரையவே கொடுத்துட்டேன். ஜாயிண்ட்ல சேர்ந்த ரெண்டும் ஒன்னோட ஒன்னு மோதாது, அதான் டீஃபால்ட். ஜாயிண்ட்ல கொலைடுகனெக்டட்ங்குற செட்டிங்க ட்ரூ பண்ணுங்க, இல்ல வடிவமே இல்லாத வெத்து பாடி ஒன்னு வச்சு அதுல கட்டுங்க. நான் வெத்து பாடிதான் வச்சேன்.

வைவாவுல எக்ஸ்டர்னல் சார் தியரி ஒன்னும் பெருசா கேக்கல, டேம்பிங்க 0 ஆக்குனா என்னாகும்னார், மாத்தி ஓட்டியே காட்டுனேன், பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆடுச்சு, தலையாட்டுனார். அப்புறம் போன வாங்கி ரெண்டு கையாலயும் ரெண்டு பெட்டிய புடிச்சார் பாருங்க, எனக்கு வயித்த கலக்கிருச்சு. ரெண்டு விரலையும் எடுத்துட்டார், ஒரு பெட்டி விழுந்துச்சு, இன்னொன்னு அந்தரத்துல அப்படியே தொங்குது. "இத யார் புடிச்சுட்டு இருக்கா தம்பி?"ன்னார். ஜாயிண்ட வைக்க என்கிட்ட ஒரே வேரியபிள்தான், ரெண்டாவது விரல் வந்ததும் முதல் ஜாயிண்ட் அதுலருந்து போயிடுச்சு, அழிக்க ஆளில்ல. காரணத்த உடனே சொன்னதால தப்பிச்சேன். நீங்க பாயிண்டர் நம்பருக்கு (ஒவ்வொரு விரலுக்கும் வர்ற நம்பர்) ஒன்னுன்னு அரேல வைங்க, விரல எடுத்ததும் வர்ற டச்அப்ல அந்த நம்பரோடத மட்டும் அழிங்க.