பெரிய வியாழனில் ஓட்டு

2019 ஏப்ரல் 18-ஐ நான் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல், அன்றைக்கே பெரிய வியாழன்: இயேசு தம் பன்னிரண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவியதைக் கிறிஸ்தவர்கள் நினைவுகூரும் நாள். தேதியை மாற்றக் கேட்ட மனுவை சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சித்திரைத் திருவிழா நடந்த மதுரையில் மட்டும் வாக்குப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டித்தார்கள். எனக்கு மனத்தாங்கல்தான். அம்மாவோ, "காலையிலேயே ஓட்டுப் போட்டுட்டு வா, சாயங்காலம் பூசைக்குப் போகலாம்" என்றார். சரி என்று போனேன். மை அழியாத விரலோடு மாலையில் கைகூப்பி நின்று, எங்கள் தேவாலயச் சாமியார் குனிந்து பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவதைப் பார்த்தபோது, ஓட்டுப் போட்டதும் ஒரு பணிவிடைதான் என்று மனதாரத் தோன்றியது. ஆனால் தேர்தல் பணிக்குப் போன எங்கள் பங்கைச் (தேவாலயத்தைச்) சேர்ந்த ஆசிரியைக்கு அந்தப் பூசை கிடைக்கவே இல்லை. இரவு வெகுநேரம் கழித்துத்தான் பூசைக்குப் பின் நடக்கும் நற்கருணை ஆராதனை என்ற செபத்துக்கு ஓடிவந்தார், அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல்.